வரைபடத்தில் பச்சை என்றால் சுனாமி வராதா? கடலிலிருந்து 800 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு வீடு

கேள்வி: ஜூன் 4, மாலை 6.15

எங்கள் வீடு கடலிலிருந்து 800 மீட்டர் தள்ளி. கடல்மட்டத்துக்கு மேல் 9 மீட்டர் என்று ஒரு செயலி காட்டுகிறது. நடுவில் அடர்த்தியாக மரங்கள். கடலோரப் பாதிப்பு வரைபடம் ஒன்று கிடைத்தது, அதில் எங்கள் பகுதி பச்சை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, முழங்கால் வலி. சுனாமியைப் பற்றி நாங்கள் கவலைப்படத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். சரிதானே?

ஜூன் 4, இரவு 9.40

சரி என்றும் சொல்ல முடியாது, தப்பு என்றும் சொல்ல முடியாது. 800 மீட்டர், 9 மீட்டர், மரம், பச்சை. நான்குமே ஏமாற்றக்கூடியவை. உருப்படியான தகவல் என்றால் நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் சொன்ன அப்பாவின் முழங்கால்தான்.

2011இல் ஜப்பானில் 40 மீட்டர் அலை வந்தது, 9 மீட்டரெல்லாம் எம்மாத்திரம்.

நான்கு கேள்வி. அந்த 9 எங்கிருந்து வந்தது? வீட்டுக்குப் பக்கத்தில் ஓடை, ஆறு, கழிமுகம் எதுவும் உண்டா? உங்கள் கரைக்கு அலை வர எத்தனை நிமிடம் என்று யாராவது கணக்குப் போட்டு வெளியிட்டிருக்கிறார்களா? அந்தப் பச்சை வரைபடத்தின் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது?

ஜூன் 5, காலை 6.50

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும், இரவு முழுக்க உறுத்தியது. 40 மீட்டர் "அலை" வரவில்லை. மியாகோ பக்கத்தில் அனேயோஷி என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கில் தண்ணீர் தரைமேல் ஏறிய உயரம் 40 மீட்டர். இரண்டும் வேறு. கரையில் வந்த அலையின் உயரம் ஒன்று, சரிவில் ஏறி நின்ற கடைசி மட்டம் ஒன்று, ஓர் இடத்தில் தரைக்கு மேல் நின்ற நீரின் ஆழம் இன்னொன்று. செய்திகளில் இந்த மூன்றையும் ஒரே "அலை உயரம்" ஆக்கிவிடுவார்கள், நானும் அதையே செய்துவிட்டேன். வீட்டை உடைப்பது மூன்றாவதும் அதன் வேகமும். ஜப்பானில் 2011க்குப் பிறகு எடுத்த கணக்குகளில் மர வீடுகளுக்கு 2 மீட்டர் ஆழம் தாண்டினாலே கதை முடிந்த மாதிரிதான். கான்கிரீட் அதைவிட அதிக ஆழம் தாங்கும். மனிதன் விழுவதற்கு முழங்கால் அளவு ஓடும் நீர் போதும்.

அதே அனேயோஷியில்தான் இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று பழைய சுனாமிக்குப் பிறகு நட்ட கல் இருக்கிறது. 2011இல் தண்ணீர் அந்தக் கல்லுக்குச் சற்றுக் கீழே நின்றது. எந்தக் கணினி மாதிரியும் இல்லாமல் போட்ட கோடு.

ஜூன் 5, இரவு 10.20

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். 9 மீட்டர் என்பது இலவசச் செயற்கைக்கோள் உயரத் தரவிலிருந்து வந்ததாம். நினைத்தேன்.

உலகம் முழுக்க அதிகம் புழங்கும் எஸ்ஆர்டிஎம் தரவு 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து 11 நாள் ரேடார் அடித்து எடுத்தது. அந்த ரேடார் தரையைப் பார்க்கவில்லை, முதலில் கண்ணில் பட்டதைப் பார்த்தது. மரமிருந்தால் மரத்தின் தலைக்கு அருகே, வீடிருந்தால் கூரைக்கு அருகே. மலைக்கு 5 மீட்டர் பிழை ஒரு பொருட்டில்லை. கடற்கரையில் 5 மீட்டர்தான் எல்லாமே.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு கரைப்பகுதிக்கு வெள்ள வரைபடம் போட்டேன். கடலுக்கு இணையாக 11 மீட்டர் உயரத்தில் நீளமான மேடு ஒன்று தெரிந்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி, ஊரே அந்த மேட்டில் ஏறிக்கொள்ளலாம் என்று அறிக்கையில் அம்புக்குறி வேறு போட்டுவிட்டேன். நேரில் போய் நின்றால் மேடு எங்கே? ஒரு தோப்பு. தரை கால்வாய் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, மழைத்தண்ணீர் அங்கங்கே தேங்கிக் கிடந்தது. நான் மக்களை ஓடச் சொன்னது மரங்களின் உச்சிக்கு.

இப்போது மரங்களின் உயரத்தைக் கழித்துத் திருத்திய தரவுகள் வந்துவிட்டன, அவை எவ்வளவோ தேவலை. ஆனால் லேசர் அடித்து விமானத்திலிருந்து எடுக்கும் லைடார் அளவு இருந்தால் வேறு எதையும் தொடாதீர்கள், அது பெரும்பாலும் ஒரு சாண் பிழைக்குள் வந்துவிடும். அதுவும் கிடைக்காவிட்டால் சாலை போட்டவர்கள், வடிகால் வெட்டியவர்களிடம் கேளுங்கள். அவர்களிடம் லெவல் கருவி வைத்து அளந்த மட்டம் கட்டாயம் இருக்கும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாமல் வடிகால் வெட்ட முடியாது.

ஜூன் 5, இரவு 10.45

கைபேசி ஜிபிஎஸ் வைத்து அளக்கப் போகிறேன் என்கிறார். வேண்டாம். ஜிபிஎஸ் முதலில் தரும் உயரம் கணித வடிவமான ஒரு நீள்கோளத்திலிருந்து எடுப்பது, கடல்மட்டத்திலிருந்து அல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். இலங்கைக்குத் தெற்கே அது கிட்டத்தட்ட 100 மீட்டர். சில கருவிகள் தாமே திருத்திக் காட்டும், சில காட்டாது. கூட வேலை செய்தவர் ஒருவர் கரையில் நின்றபடி "சார், நான் கடலுக்கு அடியில் 90 மீட்டரில் நிற்கிறேன், மூச்சு நன்றாகத்தான் வருகிறது" என்று செய்தி அனுப்பியது இன்னும் என் கைபேசியில் இருக்கிறது.

ஜூன் 7, மதியம் 1.10

மட்டம் பற்றி இன்னொன்று. இது வரைபடம் போடுகிறவர்களுக்கு, மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

தரையின் உயரத்தைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து சொல்வார்கள். கப்பல்காரர்களின் கடல் வரைபடத்தில் ஆழத்தை மிகத் தாழ்ந்த வற்றுநீர் மட்டத்திலிருந்து சொல்வார்கள், கப்பல் தரை தட்டக் கூடாது என்பதே அவர்கள் கவலை. இரண்டையும் அப்படியே ஒட்டினால் வற்றுப்பெருக்கு அதிகமுள்ள கரைகளில் மீட்டர் கணக்கில் பிழை வரும். நான் ஒட்டினேன். கடலடி ஒன்றரை மீட்டர் உயர்ந்துவிட்டது, கரைக்கு முன்னால் இல்லாத ஒரு திட்டு முளைத்தது. மாதிரியில் அலை அந்தத் திட்டில் தடுக்கி விழுந்தது. இயற்கை அரண் என்று ஒரு பத்தி எழுதிவிட்டேன். சரிபார்த்த மூத்தவர் பக்க ஓரத்தில் பென்சிலால் "இந்த அரணை யார் கட்டினார்?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார்.

கரையோர ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் சுனாமியின் வேகமே ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர். முன்னால் போகும் தண்ணீர் வேகம் குறைய, பின்னால் வருவது குறையாமல் வந்து மோத, அலை குவிந்து எழும்பும். எங்கே எவ்வளவு எழும்பும் என்பதைக் கடலடியின் வடிவம்தான் தீர்மானிக்கிறது. 1964 அலாஸ்கா நிலநடுக்கத்துக்கு கலிஃபோர்னியாவின் கிரெசன்ட் சிட்டி அடிபட்டதும், 1946, 1960 என்று ஹவாய்த் தீவின் ஹிலோ திரும்பத் திரும்ப அடிபட்டதும் சும்மா அல்ல. கடலடியும் விரிகுடாவும் தண்ணீரை அங்கே கூட்டிக்கொண்டு வருகின்றன. 2004இல் வங்கதேசம் பெரும்பாலும் தப்பியதற்கும் இதுவே பாதிக் காரணம், ஆழமில்லாத அகன்ற கடலடி. மீதி, நிலநடுக்கத்தில் கடலடி உடைந்த பிளவு வடக்கு தெற்காக நீண்டு கிடந்ததால் அலையின் பலம் கிழக்கும் மேற்குமாகப் போய்விட்டது.

ஜூன் 8, இரவு 8.30

வீட்டுக்குப் பின்னால் 150 மீட்டரில் ஓர் ஓடை இருக்கிறதாம், கடலோடு சேருகிறதாம். இதைச் சொல்ல நான்கு நாளா!

அப்படியானால் உங்கள் தூரம் 800 மீட்டர் அல்ல, 150 மீட்டர். சுனாமி ஆற்றையும் ஓடையையும் கண்டால் தடையில்லாத பாதையாக எடுத்துக்கொண்டு உள்ளே வரும், பிறகு கரைகளைத் தாண்டி இரண்டு பக்கமும் பரவும். முன்பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தண்ணீர் பின்பக்கத்திலிருந்து வரும்.

எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் முனை இருக்கிறது, தீவு இருக்கிறது, நிழலில் இருக்கிறோம் என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். 1992 டிசம்பர் 12, இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் நிலநடுக்கத்தில் பாபி என்ற வட்டமான சின்னத் தீவுக்கு அலை வடக்கிலிருந்து வந்தது. அழிந்தவை தெற்குக் கரையில் இருந்த கிராமங்கள். அலை தீவை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு வந்து பின்பக்கத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறியது. 2004இல் கேரளக் கரை சுமத்ராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது, கொல்லம் பக்கம் ஆலப்பாட்டில் அப்படியும் உயிர்ப்பலி. நிழல் என்பது வெயிலுக்குச் சரி.

ஜூன் 10, இரவு 11.05

பச்சை விஷயம். வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பார்த்தவுடன் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை, ஏனென்றால் இப்படி நானும் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அது சுனாமி வரைபடமே அல்ல. ஓரத்தில் பொடி எழுத்தில் "கடலோரப் பாதிப்புக் குறியீடு" என்று இருக்கிறது. இது கடல்மட்டம் மெல்ல உயர்வதை மனதில் வைத்து உருவானது. 1999இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் பயன்படுத்திய வடிவத்தில் ஆறு அம்சங்கள்: கரையின் நில அமைப்பு, சரிவு, கடல்மட்ட உயர்வு வேகம், கரை அரிப்பு வேகம், வற்றுப்பெருக்கு வித்தியாசம், சராசரி அலை உயரம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, ஆறையும் பெருக்கி, ஆறால் வகுத்து, வர்க்கமூலம். கடல் மெல்ல ஏறுவதற்கு இது நல்ல கணக்கு. சுனாமிக்கு? ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் கடல் ஏறுகிறது என்பதற்கும் ஒரு காலையில் வந்து போகும் தண்ணீருக்கும் என்ன உறவு? இதில் மனிதன் எங்கே இருக்கிறான்? வீடு எங்கே இருக்கிறது?

இதைவிட மோசம் வண்ணம். இந்த மாதிரி வரைபடங்களில் வந்த எண்களை வரிசைப்படுத்தி நான்காகவோ ஐந்தாகவோ சமமாகப் பிரித்து வண்ணம் அடிப்பது வழக்கம். அப்படிப் பிரித்தால் எந்தக் கரையை எடுத்தாலும் ஐந்தில் ஒரு பங்கு பச்சையாகத்தான் வரும், ஐந்தில் ஒரு பங்கு சிவப்பாகத்தான் வரும். ஆபத்தே இல்லாத கரையிலும் சிவப்பு இருக்கும், முழுக்க மூழ்கக்கூடிய கரையிலும் பச்சை இருக்கும். உங்கள் பச்சைக்கு அர்த்தம், உங்கள் பக்கத்துக் கரைகள் உங்களைவிட மோசம் என்பது மட்டுமே. வகுப்பில் கடைசி மாணவனுக்கு முந்தையவன் பாஸ் என்று சொல்லும் கணக்கு.

ஜூன் 11, காலை 7.15

நேற்று குறியீட்டைத் திட்டித் தீர்த்துவிட்டேன், கொஞ்சம் அதிகம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கரை கையில் இருக்கிறது, பணம் குறைவு, எங்கே முதலில் நுணுக்கமாக அளப்பது என்று ஒருவர் கேட்டால் குறியீடு உதவும். வரிசை போட உருவான கருவி அது. தப்பு கருவியில் இல்லை, அதை வைத்து ஒரு வீட்டுக்காரரிடம் நீ நல்லா இருப்பாய் என்று சொல்வதில்தான்.

எடை கொடுப்பதிலும் இதே கூத்து. சரிவுக்கு 0.2, மக்கள் நெருக்கத்துக்கு 0.3 என்று நிபுணர்கள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். ஒருமுறை மேலதிகாரி பக்கத்தில் இருக்கும்போதே அந்த இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுக் காட்டினேன், ஒரு துறைமுகமே ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்குப் போய்விட்டது. "எது சரி?" என்றார். "எது வேண்டும்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

கட்டிட அளவில் பார்க்க பிடிவிஏ என்ற முறை இருக்கிறது, பபதோமா, டொமினி-ஹவ்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2003 வாக்கில் கிரேக்கத்தின் கிரீட் தீவின் கடலோரத்தை வைத்துத் தொடங்கியது, அதற்குப் பிறகு பலமுறை திருத்தியிருக்கிறார்கள். எத்தனை மாடி, என்ன பொருள், தரைத்தளம் திறந்திருக்கிறதா, அடித்தளம் எப்படி, எந்த வரிசையில் நிற்கிறது, முன்னால் சுவர் உண்டா என்று ஒவ்வொரு கட்டிடமாகப் போய்ப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்த முறை. ஆனால் மதியம் 2 மணிக்கு மேல் களப்பணியாளர்கள் போடும் மதிப்பெண்ணெல்லாம் "நடுத்தரம்" ஆகிவிடும். படிவத்தில் நேரத்தையும் எழுதச் சொன்ன பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

ஜூன் 13, மாலை 5.50

மரங்கள் இருக்கின்றனவே என்று மறுபடி கேட்கிறார். வேறு யாரோ அலையாத்தி இருந்தால் சுனாமி வராது என்றும் எழுதியிருக்கிறார். வரும்.

பரங்கிப்பேட்டைக் கரையில் 18 குடியிருப்புகளை வைத்து 2005இல் ஓர் ஆய்வு வந்தது, அலையாத்திக்குப் பின்னால் இருந்தவர்கள் தப்பினார்கள் என்று. அடுத்த ஆண்டே அதே தரவை வேறு சிலர் எடுத்துப் பார்த்தார்கள். தரையின் உயரம், கடலிலிருந்து தூரம் இரண்டையும் கணக்கில் சேர்த்துவிட்டால் மரங்களுக்கென்று மிஞ்சும் பங்கு மிகச் சொற்பம் என்றார்கள். யோசித்தால் புரியும், அலையாத்திக்குப் பின்னால் வீடு என்றாலே தள்ளித்தான் இருக்கும். மரம் காப்பாற்றியதா, தூரம் காப்பாற்றியதா?

அதற்காக மரம் வீண் என்றும் நான் சொல்லவில்லை. சின்ன அலையின் வேகத்தை அடர்ந்த காடு குறைக்கும், மிதந்து வரும் படகையும் மரக்கட்டையையும் பிடித்து நிறுத்தும். ஓர் உயரத்துக்கு மேல் மரமே மிதக்கும் கட்டையாகிவிடும். ஜப்பானின் ரிகுசென்தகதாவில் கடலோரமாக 70,000 பைன் மரங்கள் இருந்தன. 2011க்குப் பிறகு நின்றது ஒன்று, அதுவும் உப்புநீரால் பட்டுப்போனது.

சுவருக்கும் இதே கதைதான். அதே ஜப்பானில், டாரோவில் 10 மீட்டர் சுவர், அலை தாண்டி வந்தது. ஃபுடாயில் 15.5 மீட்டர் தடுப்பு, ஊர் பிழைத்தது. அந்த உயரம் வீண்செலவு என்று கட்டும்போது பலர் சிரித்தார்கள். 15.5ஐ விட்டுக்கொடுக்காத கோதோகு வமுரா என்ற ஊர்த்தலைவர் 2011ஐப் பார்க்க உயிரோடு இல்லை.

ஜூன் 14, இரவு 9.00

சாலை போட்டவரிடம் கேட்டாராம். வீட்டு முன் சாலையின் மட்டம் 3.8 மீட்டர்.

ஜூன் 14, இரவு 9.25

3.8 என்றதும் பயந்து எழுதியிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் வீடு நேற்றும் 3.8தான்.

பெரிய நிலநடுக்கம் பக்கத்தில் வந்தால் அந்த 3.8ம் மாறலாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2011இல் ஜப்பானின் ஓஷிகா தீபகற்பம் 5 மீட்டருக்கு மேல் நகர்ந்ததோடு, 1.2 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தும் போனது. அலை வருவதற்கு முன்பே கரை இறங்கிவிட்டது, சுவர்களும் கூடவே இறங்கின.

ஜூன் 17, இரவு 10.40

இனி மனிதர்கள். இந்த வேலையில் நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான், அதுவும் ஒரு பெண்மணி கற்றுக்கொடுத்தது.

வீட்டு வீடாகக் கணக்கெடுப்பு. படிவத்தில் "நடக்க இயலாதவர்கள்: எத்தனை பேர்?" என்று ஒரு கட்டம். அந்த வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். ஒன்று என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். "இரண்டுன்னு போடுங்க" என்றார். வேறு யார் என்று கேட்டேன். "நான்தான். எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்களை விட்டுட்டு நான் போவேனா?" படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. அன்று மாலை மற்ற படிவங்களைப் புரட்டினேன், ஒவ்வொரு "ஒன்று"க்குப் பின்னாலும் எழுதப்படாத இன்னொருவர், சில வீட்டில் இருவர்.

2004க்குப் பிறகு ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் இந்தோனேசியாவின் ஆச்சேயில் சில கிராமங்களில் இறந்த பெண்கள் ஆண்களைப் போல மூன்று நான்கு மடங்கு. கடலூரிலும் பெண்களே மிக அதிகம். பல ஆண்கள் ஆழ்கடலில் படகில் இருந்தார்கள், அங்கே அலை போனதே தெரியாது. பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள், அல்லது பிள்ளைகளோடு வீட்டில். ஒரே கரை, ஒரே அலை, ஒரே உயரம். வரைபடத்தில் அந்தக் கரைக்கு ஒரே வண்ணம்.

இரவு பகல் கணக்கும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கு எல்லோரும் வீட்டில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறது. காலை 9 மணிக்கு யார் எங்கே என்பதை அதில் தேட முடியாது.

ஜூன் 19, காலை 6.30

வரைபடமே வேண்டாம் என்கிறீர்களா என்று ஒருவர் கேட்கிறார். வேண்டும். தண்ணீர் இதுவரைதான் வரும் என்று அதில் போட்ட கோட்டைத்தான் நம்ப வேண்டாம்.

ஜப்பானின் ஒகாவா தொடக்கப்பள்ளி கடலிலிருந்து கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் உள்ளே, ஆற்றோரம். அபாய வரைபடத்தின் கோட்டுக்கு வெளியே. மக்கள் வந்து தங்கும் புகலிடமாகவே அதைக் குறித்திருந்தார்கள். 2011 மார்ச் 11, மதியம் 2.46க்கு அதிர்ந்தது, 3.37 வாக்கில் தண்ணீர் வந்தது. ஐம்பது நிமிடம், பின்னால் ஏறக்கூடிய குன்று. பெரும்பாலான நேரம் பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் நின்றிருந்தார்கள். 74 பிள்ளைகள், 10 ஆசிரியர்கள் போய்விட்டார்கள்.

அதே நாள் கமாயிஷியில் இரண்டு பள்ளிகள், அவையும் கோட்டுக்கு வெளியே. அந்த நகரின் பிள்ளைகளுக்குத் தோஷிதகா கதாதா என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருந்தார், முதல் பாடமே வரைபடத்தின் கணிப்பை நம்பாதே. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், குறித்து வைத்திருந்த இடத்துக்குப் போனார்கள், அங்கே நிற்காமல் இன்னும் மேலே, அதற்கும் மேலே. அவர்களின் பள்ளிகள் மூழ்கின, முதலில் போய் நின்ற இடமும் மூழ்கியது. பள்ளியில் இருந்த நகரத்துப் பிள்ளைகள், கிட்டத்தட்ட 3,000 பேர், பிழைத்தார்கள்.

கோடு போடுவது என் தொழில். இந்த இரண்டையும் படித்த பிறகு கோட்டை நான் கூர்மையாக வரைவதில்லை, வெளியே போகப் போக மங்கும்படி வரைகிறேன். அச்சடிப்பவர்கள் மை சரியாக விழவில்லை என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஜூன் 19, இரவு 8.15

சின்னக் குறிப்பு. நிலநடுக்கத்தை மட்டும் வைத்துப் போட்ட வரைபடத்தில் 2018 டிசம்பர் 22 இல்லை. இந்தோனேசியாவின் அனக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது, கரையில் யாரும் பெரிய அதிர்வை உணரவில்லை, 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் அதே நாட்டின் பாலு நகரில் அலை சில நிமிடங்களில் வந்தது, கடலடிச் சரிவுகளும் சேர்ந்துகொண்டன. அதிர்வு பலமாக இருந்தால்தான் ஓட வேண்டும் என்பதும் தப்பு. 1896இல் ஜப்பானின் சன்ரிகு கரையில் அதிர்வு மெலிதுதான், இறந்தவர்கள் சுமார் 22,000. மெல்ல ஆடினாலும் நெடுநேரம் ஆடினால் கிளம்பிவிட வேண்டும்.

ஜூன் 22, இரவு 10.10

நிமிடக் கணக்கு வந்துவிட்டது. அவர்கள் கரைக்கு அருகிலிருக்கும் பிளவிலிருந்து அலை வர 25 நிமிடம் என்று அதிகாரபூர்வக் கணிப்பே இருக்கிறதாம். உயரமான தரை வீட்டிலிருந்து 1,100 மீட்டர்.

இப்போதுதான் கணக்கு தொடங்குகிறது. இத்தனை நாள் பேசிய உயரம், தூரம், மரம் எல்லாம் தண்ணீர் வருமா என்பதற்கு. வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டு எண்ணும் அப்பாவும் போதும்.

நல்ல கால் உள்ளவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் 15 நிமிடம். அப்பாவுக்கு 0.9 வைத்துக்கொள்வோம், 20 நிமிடம். ஆனால் 25ஐ முழுசாகக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. பெரிய நிலநடுக்கம் ஆடி முடிக்கவே சில நிமிடம் ஆகும். அப்புறம் கதவு, செருப்பு, மருந்துப் பை, "அட இரு, அது எதுக்கு" என்ற பேச்சு. இதற்கெல்லாம் 10 நிமிடம் போனால் மிச்சம் 15.

தாளில் போட்ட கணக்கு இது, நம்பாதீர்கள். ஒருமுறை கணினியில் 14 நிமிடம் என்று வந்த பாதையை நேரில் நடந்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் ஓர் இரும்புக் கதவு. சங்கிலி, பூட்டு, பூட்டில் கை வைத்தால் துரு ஒட்டியது. எந்த நிறுவனத்தின் வளாகம் என்பது இங்கே வேண்டாம். செயற்கைக்கோள் படத்தில் அது அழகான குறுக்குச் சாலை. சுற்றிக்கொண்டு போய்ச் சேர 26 நிமிடம் ஆனது. அதிலிருந்து எந்தப் பாதையையும் கால் வைக்காமல் அறிக்கையில் போடுவதில்லை.

அப்பாவோடு ஒருமுறை நடந்து பாருங்கள். முடிந்தால் இருட்டிய பிறகு.

ஜூன் 23, மதியம் 12.40

பக்கத்தில் உயரமான கட்டிடம் எதுவும் உண்டா என்று கேட்க மறந்தேன். கான்கிரீட்டாக, தரைத்தளத்தில் தண்ணீர் ஊடே போக வழியுள்ளதாக. அமெரிக்காவில் வெஸ்ட்போர்ட் பக்கத்தில் ஒகோஸ்டா பள்ளியை 2016இல் இதற்காகவே கட்டினார்கள், சுமார் ஆயிரம் பேர் கூரையில் ஏறி நிற்கலாம்.

உயரம் போதாவிட்டால் அதுவும் பொறிதான். 2011இல் ஜப்பானின் மினாமிசன்ரிகுவில் பேரிடர் மேலாண்மைக் கட்டிடமே மூன்று மாடி, தண்ணீர் கூரைக்கு மேல் போனது, 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர், எஞ்சியது சிவப்பு இரும்புச் சட்டம். அதனால் முதல் தெரிவு எப்போதும் மேட்டுத் தரை, கட்டிடம் நேரம் இல்லாதவர்களுக்கு. உங்கள் கரைக்கு வெளியிட்ட கணிப்பில் அலையின் உயரம் என்ன என்றும் பார்த்து எழுதுங்கள்.

ஜூன் 26, இரவு 9.50

நடந்திருக்கிறார்கள். 31 நிமிடம். நடுவில் இரண்டு இடத்தில் அப்பா உட்கார்ந்தாராம். நான் 20 போட்டிருந்தேன். என் அட்டவணையில் முதியவர்களுக்கு 0.9 என்று பல ஆண்டுகளாக இருக்கிறது, இவருக்கு வருவது 0.6. இன்று 0.6 என்று மாற்றிப் பழைய வேலை ஒன்றை ஓட்டிப் பார்த்தேன், நேரத்துக்குள் போய்ச் சேராதவர்களின் பட்டியல் இரண்டு பக்கத்திலிருந்து ஐந்து பக்கமாகிவிட்டது.

அந்தக் கணிப்பில் அவர்கள் பக்கம் கரையில் 5 மீட்டராம். தரை 3.8, ஓடை பக்கத்தில். தரைத்தளம் நனையும். கணிப்பைத் தாண்டினால் முதல் மாடியும்.

200 மீட்டரில் நான்கு மாடிக் கான்கிரீட் கட்டிடம் ஒன்று இருக்கிறதாம், கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்கள். அங்கே போக அப்பாவுக்கு 6 நிமிடம், படி ஏற எவ்வளவு என்று தெரியவில்லை. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்குமா என்று கேட்டிருக்கிறேன்.

ஜூன் 28, காலை 7.05

படி ஏற 7 நிமிடம், கைப்பிடி வலப்பக்கம் மட்டும் இருப்பதால். கதவு பூட்டித்தான் இருக்கிறது. சாவி இரண்டாம் மாடியில் இருப்பவரிடம், அவர் ராத்திரி கைபேசியை அணைத்துவிட்டுத் தூங்குவாராம். இன்னொரு சாவி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை.